பொம்மை நோயாளியும் பொய் விபத்தும்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சொன்னதும், ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அதை எப்படியும் நாலு பேர் எழுதியிருப்பார்கள். ஒர்க்‌ஷாப்பில் ராவு ராவென்று ராவிக் கை கொப்பளித்த கதைக்கும் ஆள் இருக்கும். அதனால் யாரும் தொடமாட்டார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். நர்சிங் படிக்கிற பிள்ளைகளும் ஆம்புலன்ஸ் வேலைக்குப் படிக்கிற பிள்ளைகளும், பெரிய விபத்து ஒன்று நடக்கும்போது முன்னால் நின்று நடத்துவதற்கு எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதுதான் அது.

"உனக்கும் நர்சிங்குக்கும் என்னடா சம்பந்தம்?" என்று கேட்கப்போகிற நண்பர்களுக்கு இரண்டு பதில் வைத்திருக்கிறேன். எங்கள் அக்கா ஒரு நர்சிங் கல்லூரியில் ட்யூட்டர். தீபாவளிக்கு வீட்டுக்குப் போனால்கூடப் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். அடுத்த பதில், இந்தப் பயிற்சியின் பாதி வேர் நம்ம இன்ஜினியரிங்கில் இருக்கிறது. அந்தக் கதை நம் ஆட்கள் பலருக்கே தெரியாது.

முதலில் பொம்மையிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1911-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் மருத்துவமனையில் இருந்த நர்ஸ் பயிற்சிப் பள்ளிக்கு, மாணவிகள் பழகுவதற்கு ஆள் உயரத்தில் ஒரு உருவம் தேவைப்பட்டது. நோயாளியைப் புரட்டுவது, குளிப்பாட்டுவது, படுத்த படுக்கையிலேயே துணி மாற்றுவது எல்லாம் நிஜ நோயாளி மேல் பழகினால் அவர் பாடு திண்டாட்டம். பாட்டக்கெட் என்ற ஊரில் குழந்தைகளுக்குப் பொம்மை செய்து விற்றுக்கொண்டிருந்த மார்த்தா சேஸ் என்ற அம்மாளிடம் சொல்லி ஒரு பெரிய பொம்மை செய்யச் சொன்னார்கள். அதற்கு 'மிஸஸ் சேஸ்' என்றே பெயர் வந்துவிட்டது. பிறகு ஊசி போட்டுப் பழகக் கையில் ஒரு இடம், எனிமா கொடுத்துப் பழக உள்ளே ஒரு சின்னத் தொட்டி என்று அந்த அம்மாளுக்கு வசதிகள் கூடிக்கொண்டே போயின.

அடுத்த பெரிய பொம்மை 1960-ல் நார்வேயிலிருந்து வந்தது. ஆஸ்மண்ட் லேர்டால் என்பவரும் பொம்மை வியாபாரிதான். வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுப்பதையும் நெஞ்சை அழுத்துவதையும் பழக அவர் செய்த பொம்மைக்கு 'ரெசஸி ஆன்' என்று பெயர். பாரிஸில் சேன் ஆற்றில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும், பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முகவார்ப்புதான் அதன் முகம். நம்மில் முதலுதவி வகுப்புக்குப் போனவர்கள் அந்த முகத்தையோ அதன் சாயலையோ பார்த்திருப்போம்.

இந்தப் பொம்மைகள் கையைப் பழக்கின. ஆனால் ஒரே நேரத்தில் நாற்பது பேர் அடிபட்டு வந்து இறங்கும்போது யாரை முதலில் பார்ப்பது, யாரிடம் என்ன வேலை சொல்வது, தப்பு செய்கிற பெரிய டாக்டரிடம் எப்படிச் சொல்வது? இதையெல்லாம் பொம்மையால் சொல்லிக் கொடுக்க முடியவில்லை. அந்தப் பாடம் வேறு ஒரு பக்கத்திலிருந்து வந்தது.

அமெரிக்காவில் பிங்ஹாம்டன் என்ற ஊரில் எட்வின் லிங்க் என்று ஒருவர். அப்பாவுக்குப் பியானோவும் ஆர்கனும் செய்கிற பட்டறை. ஆர்கனுக்குக் காற்றடிக்கிற துருத்திகளை வைத்தே, தரையில் இருந்தபடி சாய்ந்து திரும்புகிற ஒரு குட்டி விமானத்தை 1929-ல் செய்தார். யாரும் சீந்தவில்லை. பொழுதுபோக்குப் பூங்காக்களில் காசு போட்டு ஆடுகிற ராட்டினம் மாதிரிதான் அது முதலில் விற்றது. 1934-ல் தபால் விமானங்களை ஓட்டுகிற வேலை அமெரிக்க ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது. மோசமான வானிலையில் மீட்டரை மட்டும் பார்த்து ஓட்டத் தெரியாமல், சில வாரங்களுக்குள் ஒரு டஜன் விமானிகள் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் ராணுவம் லிங்கின் 'பொம்மை விமானம்' ஆறை வாங்கியது. பாருங்கள், இந்தச் சரித்திரத்தில் எல்லாமே இப்படித்தான். முதலில் சிரிப்பார்கள், அப்புறம் சாவு விழும், அப்புறம் வாங்குவார்கள்.

ஆனால் லிங்க் இயந்திரமும் தனி ஆளின் திறமையைத்தான் வளர்த்தது. விமானம் பெரிதாகி, காக்பிட்டில் மூன்று பேர் உட்காரத் தொடங்கியதும் புது வியாதி ஒன்று தெரிய வந்தது. 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவில் இரண்டு ஜம்போ ஜெட்டுகள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். கேஎல்எம் விமானத்தின் கேப்டன், அந்தக் கம்பெனியில் மற்ற விமானிகளுக்குப் பாடம் நடத்துகிற பெரிய ஆள். அவர் கிளம்பும்போது, எதிரே இருக்கிற பான்ஆம் விமானம் இன்னும் விலகவில்லையோ என்று ஃப்ளைட் இன்ஜினியர் சந்தேகம் கேட்டார். கேப்டன் 'அதெல்லாம் விலகியாச்சு' என்கிற மாதிரி சொன்னதும் அவர் மேலே பேசவில்லை. அடுத்த வருஷம் டிசம்பர் 28 அன்று போர்ட்லண்டில் யுனைடெட் விமானம் ஒன்றின் சக்கரத்தில் கோளாறு. கேப்டன் அந்தக் கவலையிலேயே ஒரு மணி நேரம் சுற்றிக்கொண்டிருந்தார். எரிபொருள் குறைகிறது என்று ஃப்ளைட் இன்ஜினியர் சொல்லத்தான் செய்தார். ஆனால் கேட்கிறவர் காதில் ஏறுகிற மாதிரி சொல்லவில்லை. டாங்க் காலியாகி விமானம் விழுந்து பத்துப் பேர் இறந்தார்கள்.

இரண்டு விபத்திலும் விஷயம் தெரிந்த ஆள் நம்ம இனம், இன்ஜினியர். இரண்டிலும் அவர் 'சார், ஒரு சின்ன டவுட்' என்கிற அளவோடு நிறுத்திக்கொண்டார். நம் வேலையிடங்களில் இந்தக் குரலைக் கேட்டிராதவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள்.

1979-ல் நாசா இதற்காகவே ஒரு கருத்தரங்கு நடத்தியது. அதை ஒட்டி யுனைடெட் கம்பெனி 1981-ல் தன் விமானிகள் எல்லாருக்கும் ஒரு பயிற்சியைத் தொடங்கியது. கேப்டன் எப்படிக் கேட்க வேண்டும், கீழே உள்ளவர் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை ஒரு குழுவாக சிமுலேட்டரில் உட்கார வைத்து, பொய்க் கோளாறு கொடுத்துப் பழக்கினார்கள். அந்தப் பயிற்சிக்கு யுனைடெட் வைத்த பெயரிலேயே 'லீடர்ஷிப்' என்ற வார்த்தை இருந்தது.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான கதை. 1989 ஜூலை 19. டென்வரிலிருந்து சிகாகோ போன யுனைடெட் 232, டிசி-10 விமானம், உள்ளே 296 பேர். மதியம் 3.16-க்கு வால் பகுதி இன்ஜினின் ஃபேன் டிஸ்க் உடைந்து சிதறியது. டைட்டானியத்தை உருக்கி வார்த்த காலத்திலேயே உள்ளே தங்கிவிட்ட ஒரு குறை, விரிசலாக வளர்ந்து வந்திருக்கிறது. சோதனையில் கண்ணில் படவில்லை. சிதறிய துண்டுகள் மூன்று ஹைட்ராலிக் லைன்களையும் அறுத்துவிட்டன. ஒன்று போனால் இன்னொன்று, அதுவும் போனால் மற்றொன்று என்று வைத்த மூன்றும் ஒரே அடியில் காலி. மெக்கானிக்கல் ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். இறக்கையும் வாலும் கேப்டன் கைக்குக் கட்டுப்படாது.

கேப்டன் ஆல் ஹேன்ஸ், மற்ற இரண்டு பேர், பயணியாக வந்திருந்த டென்னிஸ் ஃபிட்ச் என்ற பயிற்சி விமானி, நாலு பேருமாகச் சேர்ந்து மிச்சமிருந்த இரண்டு இன்ஜின்களின் த்ராட்டிலை மட்டும் கூட்டிக் குறைத்து, 44 நிமிஷம் ஓட்டி, அயோவா மாநிலத்தில் சூ சிட்டி என்ற ஊரின் ஓடுபாதை வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். விமானம் தரையில் மோதி உடைந்து தீப்பிடித்தது. 112 பேர் இறந்தார்கள். 184 பேர் பிழைத்தார்கள். பின்னால் விசாரணைக் குழு, இந்த மாதிரி கோளாறோடு பத்திரமாக இறங்குவதைச் சிமுலேட்டரில் பயிற்சியாகக் கொடுக்கவே முடியாது என்று சொல்லிவிட்டது. அந்த விபத்தை ஒத்திகை பார்த்திருக்க முடியாது. நாலு பேர் ஒரே காக்பிட்டில் யாரும் யாரையும் அமுக்காமல் பேசுவதை மட்டும் அவர்கள் ஒத்திகை பார்த்திருந்தார்கள்.

இது மேலே நடந்தது. கீழே நடந்ததைப் பலர் சொல்வதில்லை. சூ சிட்டி சின்ன ஊர். டிசி-10 மாதிரி பெரிய விமானம் எதுவும் அங்கே வழக்கமாக வருவதில்லை. ஆனாலும் அந்த மாவட்டத்தின் பேரிடர் பணிகளைப் பார்த்துக்கொண்டிருந்த கேரி பிரௌன் என்பவர், 1987-ல் விமான நிலையத்தில் நடந்த முழு ஒத்திகையில், ஒரு பெரிய விமானம் விழுந்து 150 பேர் உயிரோடு கிடப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னார். 'வராத விமானத்துக்கு எதுக்கய்யா ஒத்திகை' என்று நம்மூராக இருந்தால் கேட்டிருப்பார்கள். அந்த ஒத்திகையில் ஓட்டைகள் தெரிந்தன. அதை அவர்கள் ஃபைலில் போட்டு மூடவில்லை. பக்கத்து ஊர்களின் ஆம்புலன்ஸ்கள், ஆட்கள் எல்லாரையும் திட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு வருஷம் கழித்து நிஜ விமானம் வந்தபோது, அது விழுவதற்கு முன்பே வண்டிகள் ஓடுபாதை ஓரத்தில் நின்றன. மருத்துவமனைகளுக்கு முன்கூட்டியே தகவல் போயிற்று.

அதிர்ஷ்டமும் இருந்தது, அதை மறைக்க வேண்டாம். சரியாக ஷிப்ட் மாறுகிற நேரம். பகல் ஷிப்ட் நர்சுகள் வீட்டுக்குக் கிளம்பவில்லை, அடுத்த ஷிப்ட் உள்ளே வந்துகொண்டிருந்தது. தேசியக் காவல் படையின் 285 பேர் அன்றைக்கு விமான நிலையத்திலேயே பணியில் இருந்தார்கள். கேப்டன் ஹேன்ஸ் பின்னாளில் ஊர் ஊராகப் போய்ப் பேசும்போது அதிர்ஷ்டத்தையே முதல் காரணமாகச் சொல்வார். தயாரிப்பு, பேச்சுத் தொடர்பு, ஒத்துழைப்பு எல்லாம் அதற்கு அடுத்துத்தான் வரும். என் கணக்கு வேறு. இரண்டு ஷிப்ட் ஆட்களும் ஒரே இடத்தில் இருந்து, யார் என்ன செய்வது என்று தெரியாவிட்டால் அதற்குப் பெயர் அதிர்ஷ்டம் இல்லை, கூட்டம்.

விமானத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு இந்தப் பாடத்தைக் கொண்டுவந்தவர் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மயக்க மருந்து நிபுணர் டேவிட் காபா. இவர் டாக்டராவதற்கு முன் படித்தது பயோமெடிக்கல் இன்ஜினியரிங். (சொன்னேன் இல்லையா, வேர் எங்கே இருக்கிறது என்று.) 1986 வாக்கில் பொம்மையையும் கம்ப்யூட்டரையும் மானிட்டர்களையும் இணைத்து ஆபரேஷன் தியேட்டருக்கான சிமுலேட்டர் ஒன்றைச் செய்தார். 1990-ல் அதை வைத்து டாக்டர்களுக்கு நெருக்கடி நிர்வாகப் பயிற்சி தொடங்கினார். நோயாளிக்கு இதயம் நிற்கும். அங்கே மருந்தின் பெயர் தெரியுமா என்று மட்டும் பார்க்கமாட்டார்கள். உதவிக்கு எப்போது கூப்பிட்டாய், வேலையை எப்படிப் பிரித்தாய், சொன்னது செய்யப்பட்டதா என்று திரும்பக் கேட்டாயா என்றெல்லாம் பார்ப்பார்கள்.

அதே காலத்தில் இன்னொரு கிளையும் வந்து சேர்ந்தது. 1970-ல் கலிஃபோர்னியாவில் 13 நாட்கள் எரிந்த காட்டுத்தீயில் 16 பேர் இறந்தார்கள். வந்து குவிந்த தீயணைப்புப் படைகளுக்குள் யார் யாருக்குக் கட்டளையிடுவது என்று தெரியாமல் குழம்பியதை வைத்து, ஒரு பொதுக் கட்டளை முறையை உருவாக்கினார்கள். அதன் உயிர்நாடி இதுதான்: இடத்துக்கு முதலில் வந்து சேருகிற தகுதியான ஆள்தான் தலைவர், பெரியவர் வந்து முறைப்படி பொறுப்பை வாங்குகிற வரை அவர் சொல்வதுதான் சட்டம். 1991-ல் இதை ஆஸ்பத்திரிகளுக்கு ஏற்ற மாதிரி அதே கலிஃபோர்னியாவில் ஆரஞ்ச் கவுண்டியில் மாற்றி எழுதினார்கள். ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு வெஸ்ட், ஒரே தாளில் 'உன் வேலை இன்னது' என்ற பட்டியல். வெஸ்ட்டை யார் போட்டிருக்கிறாரோ அவர்தான் தலைவர். அவருடைய டிகிரி, சீனியாரிட்டி எல்லாம் அந்த நேரத்துக்கு அலமாரியில்.

இது ஏன் நர்ஸுக்கு முக்கியம்? ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு ஊரின் ஆஸ்பத்திரி கேஷுவல்டியை நினைத்துப் பாருங்கள். பஸ் கவிழ்ந்து முப்பது பேர் வருகிறார்கள். சூப்பரின்டென்டென்ட் வீட்டில் தூங்குகிறார். ட்யூட்டி டாக்டர் முதல் நோயாளியின் கழுத்தில் கை வைத்ததுமே அவர் அங்கே கட்டுண்டுவிட்டார். மிச்சம் இருபத்தொன்பது பேர் யார் பொறுப்பு? கல்லூரி முடித்து இரண்டு வருஷம் ஆன ஒரு ஸ்டாஃப் நர்ஸ். சாலையில் என்றால் 108 ஆம்புலன்சில் வந்து இறங்குகிற இரண்டே பேர்: மருத்துவ உதவியாளர், அப்புறம் டிரைவர். அந்த டிரைவருக்கு 108-ல் 'பைலட்' என்றுதான் பெயர், கவனியுங்கள். தலைமை அந்த இடத்தில் அவர்களைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

இனி நம்ம நாட்டுக்கு வருகிறேன். 1984 டிசம்பர் 2-ம் தேதி இரவு போபாலில் நடந்தது நமக்கெல்லாம் பாடப்புத்தகத்தில் வந்த விஷயம். டேங்க், வால்வு, ஸ்க்ரப்பர் என்று நாம் படித்தோம். ஹமீதியா ஆஸ்பத்திரிக்கு ஆயிரக்கணக்கில் ஜனங்கள் கண்ணைத் திறக்க முடியாமல் ஓடி வந்தபோது, வந்த வாயு எது, அதற்கு என்ன மருந்து என்று அங்கே இருந்த டாக்டர்களுக்கோ நர்சுகளுக்கோ சொல்லியிருந்தவர் யாரும் இல்லை. அதை நாம் படிக்கவில்லை. அதற்குப் பிறகு சட்டங்கள் வந்தன. 1989-ல் வந்த அபாயகர ரசாயன விதிகள், தொழிற்சாலைக்குள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை கேட்கின்றன. வேலிக்கு வெளியேயும் வருஷத்துக்கு ஒன்று. 2005-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. சட்டத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

நடத்துகிற விதத்தில்தான் சொல்ல இருக்கிறது. நான் பார்த்த ஒரு ஒத்திகை (எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், எல்லாருக்கும் பிழைப்பு இருக்கிறது) இப்படி நடந்தது. தேதி ஒரு வாரம் முன்பே எல்லாருக்கும் தெரியும். ஃபயர் வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்திருந்தார்கள். பதினோரு மணிக்குச் சைரன், பதினொன்றரைக்கு 'நிலைமை கட்டுக்குள்', பன்னிரண்டு மணிக்கு டீயும் வடையும். பக்கத்து ஊர் நர்சிங் கல்லூரியிலிருந்து இருபது மாணவிகளை வேனில் கூட்டி வந்திருந்தார்கள். எதற்கு? குங்குமத்தைக் கரைத்து நெற்றியில் பூசி, வெயிலில் புல்தரையில் காயம்பட்டவர்களாகப் படுக்க வைப்பதற்கு. ஸ்ட்ரெச்சர் வந்தபோது ஒரு பெண், "எனக்கு எங்கே அடி சார்?" என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. போட்டோவுக்கு மட்டும் சிரிக்கக் கூடாது என்று சொன்னார்கள். அந்த வளாகத்தில் அன்று நோயாளியைத் தொடப் படித்தவர்கள் அந்த இருபது பேரும் அவர்கள் மேடமும்தான். ஒரு கேள்வி, ஒரு முடிவு அவர்களிடம் போகவில்லை.

அக்கா வேலை செய்யும் கல்லூரியில் இதைத் தலைகீழாகச் செய்து பார்த்தார்கள். ஒருநாள் நானும் லீவு போட்டுவிட்டுப் போய் ஓரமாக நின்றேன். செலவு ஒன்றும் இல்லை. பொம்மை இரண்டுதான். மற்ற நோயாளிகளெல்லாம் முதல் வருஷ மாணவிகள். ஒவ்வொருத்தி கழுத்திலும் ஒரு அட்டை: மூச்சு நிமிஷத்துக்கு இத்தனை, நாடி இப்படி, சொன்னால் கேட்கிறாளா இல்லையா. பஸ் கவிழ்ந்ததாகக் கணக்கு. வகுப்பிலேயே அதிகம் பேசாத ஒரு கடைசி வருஷப் பெண்ணிடம் ஆரஞ்சு கலர் வெஸ்ட்டையும் விசிலையும் கொடுத்தார்கள்.

இந்த இடத்தில் வரிசைப்படுத்துகிற முறையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் ஹோக் மருத்துவமனையும் நியூபோர்ட் பீச் தீயணைப்புத் துறையும் சேர்ந்து 1983-ல் கொண்டுவந்தது, 'ஸ்டார்ட்' என்று பெயர். நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் அந்த மரத்தடிக்குப் போங்கள் என்றதும் போகிறவர்கள் பச்சை. மிச்சம் உள்ளவர்களில் மூச்சு இல்லாதவருக்கு வாயையும் தொண்டையையும் சரிசெய்தும் மூச்சு வரவில்லையென்றால் கறுப்பு. மூச்சு முப்பதுக்கு மேல் போனாலோ, மணிக்கட்டில் நாடி கிடைக்காவிட்டாலோ, சொன்னதைச் செய்ய முடியாவிட்டாலோ சிவப்பு. மற்றவர்கள் மஞ்சள். ஒரு ஆளுக்கு ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. மூச்சுக்குழாயைத் திறக்கலாம், பீறிடுகிற ரத்தத்தை நிறுத்தலாம். வேறு சிகிச்சை எதுவும் அப்போது கிடையாது, அடுத்த ஆளிடம் போக வேண்டும்.

படிக்கச் சுலபம். அந்தப் பெண் விசில் ஊதினாள். முதலில் கிடந்தவளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கால் எலும்பு முறிவு என்று அட்டையில் இருந்தது. அழகாகக் கட்டுப் போட ஆரம்பித்தாள். நாலு வருஷமாக அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே அதுதானே, நோயாளியை விட்டுப் போகாதே என்று. பத்து நிமிஷம் கழித்து எழுந்தபோது கட்டு பிரமாதம். பின்னால் நாலு சிவப்பு அட்டைகள் கறுப்பாகிவிட்டிருந்தன. சுற்றி நின்ற மாணவிகள், "யாராவது ஐவி போடுங்க", "யாராவது வண்டியைக் கூப்பிடுங்க" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அந்த 'யாராவது' என்கிறவர் எந்த விபத்துக்கும் வந்ததே இல்லை.

அதன் பிறகு நடந்ததுதான் பாடம். எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்தார்கள். முப்பது நிமிஷ விபத்துக்கு ஒரு மணி நேரப் பேச்சு. அமெரிக்க ராணுவம் போர்ப் பயிற்சிக்குப் பிறகு செய்கிற ஆய்விலிருந்தும் விமானிகளிடமிருந்தும் வந்த வழக்கம் இது. "ஏண்டி இப்படிப் பண்ணினே?" என்று அக்கா கேட்கவில்லை. "அந்தக் காலைப் பார்த்ததும் உன் மனசில என்ன ஓடிச்சும்மா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அப்புறம், "விட்டுட்டுப் போனா அவ என்னைப் பத்தி என்ன நினைப்பான்னு தோணிச்சு மேம்" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருந்தது. அடுத்த வாரம் அவளுக்கே மறுபடி வெஸ்ட் கொடுத்தார்கள். இந்தத் தடவை அவள் யாரையும் தொடவில்லை. எல்லாரும் தெரிகிற மாதிரி ஒரு பெஞ்சு மேல் ஏறி நின்றாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்: "கவிதா, சிவப்பு மூணு பேரையும் நீ பாரு, பார்த்துட்டு என்கிட்ட வந்து சொல்லு." கவிதா அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் போனாள். டாக்டராக நடித்த சீனியர் சார் ஒருவர் வேண்டுமென்றே மஞ்சள் அட்டையை முதல் ஆம்புலன்சில் ஏற்றச் சொன்னார். "சார், எனக்கு இது கவலையா இருக்கு, இங்க ஒரு சிவப்பு காத்திருக்கு" என்றாள், கை நடுங்கிக்கொண்டே. டெனெரிஃபில் சொல்லப்படாத வாக்கியம் ஏறக்குறைய அதுதான்.

தலைமை என்பது பிறவிக் குணம், சிலருக்கு வரும் சிலருக்கு வராது என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. குரல் பெரிதாக உள்ளவனைக் கிளாஸ் லீடராக்குவதிலிருந்தே அது தொடங்குகிறது. அந்தப் பெண்ணின் குரல் இரண்டாவது வாரமும் சின்னதாகத்தான் இருந்தது. எங்கே நிற்பது, யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, எதைச் செய்யாமல் விடுவது என்ற மூன்றும் அவளுக்குப் பழகியிருந்தது. பழக இரண்டு மதியங்கள் ஆயின.

இந்தப் பயிற்சிக்கு வரம்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. பொய் விபத்தில் யாரும் சாகமாட்டார்கள் என்பது உடம்புக்குத் தெரியும். நிஜத்தில் வரும் சத்தம், நாற்றம், சொந்தக்காரர்கள் கூட்டம் எதுவும் அட்டையில் வராது. அமெரிக்காவில் பத்து நர்சிங் கல்லூரிகளில் 666 மாணவர்களை வைத்து முடித்த ஒரு பெரிய ஆய்வு 2014-ல் வெளிவந்தது. மருத்துவமனைப் பயிற்சியில் பாதி நேரம் வரை நல்ல சிமுலேஷனால் ஈடுசெய்தாலும் படிப்பின் பலன் குறையவில்லை என்று கண்டார்கள். நல்ல என்ற வார்த்தைக்குக் கீழே கோடு போட்டுக்கொள்ளுங்கள். நம் இந்திய நர்சிங் கவுன்சிலின் புதிய பி.எஸ்சி. பாடத்திட்டத்திலும் சிமுலேஷனுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். லட்சக்கணக்கில் பொம்மை வாங்கிக் கண்ணாடி அறையில் பூட்டி வைத்துவிட்டு, இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் திறக்கிற கதை நடக்காமல் இருக்க வேண்டும்.

2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தபோது மூன்று பேர் அந்த இடத்திலேயே இறந்தார்கள். காயம்பட்டவர்கள் 260-க்கும் மேல். பலருக்குக் கால் போயிற்று. ஆஸ்பத்திரி வாசலை உயிரோடு தொட்டவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை. அங்கேயும் ஷிப்ட் மாறுகிற நேரம்தான், மதியம் மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் முன்பு. பல வருஷமாகத் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்த ஊரும் அதுதான்.

சங்கத்துக்கு ஒரு யோசனை. நம் கல்லூரியில் ஆயிரக்கணக்கில் பிள்ளைகள், நாலு மாடி ஹாஸ்டல், கெமிஸ்ட்ரி லேப், வாசலில் ஹைவே. அடுத்த வருஷ ரீயூனியனில் பாட்டுக் கச்சேரியிலிருந்து இரண்டு மணி நேரத்தை வெட்டி, பக்கத்து நர்சிங் கல்லூரியையும் ஆம்புலன்ஸ் பயிற்சி மாணவர்களையும் அழைத்து ஒரு ஒத்திகை நடத்தலாம். தேதியை மட்டும் அறிவிப்போம், நேரத்தை அறிவிக்க வேண்டாம். வெஸ்ட் தைக்க நம் ஊர் டெய்லர் போதும். அட்டைகளை எழுதித் தர அக்கா சம்மதித்துவிட்டார். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான் போட்டார்: வெஸ்ட்டும் விசிலும் மாணவிகளிடம் இருக்க வேண்டும், ஜெனரல் மேனேஜர், சீஃப் இன்ஜினியர், ஐடி கம்பெனி டைரக்டர் என்று வருகிற நாமெல்லாம் குங்குமம் பூசிக்கொண்டு வெயிலில் படுக்க வேண்டும். செயற்குழு சரி என்று சொன்னால் முதல் அட்டையை என் கழுத்தில் மாட்டிக்கொள்கிறேன்.